மூச்சுக்கூட விடாத பெட்டி

பட்டனை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா சொல்லவில்லைங்க, ஒன்றுமே கேட்கவில்லை! ஃபேன் கிளம்பும் 'விர்ர்ர்' இல்லை, ஹார்டு டிஸ்க் கண் விழிக்கும் 'டடக்' இல்லை, 'பீப்' என்று ஒரு முனகல்கூட இல்லை. ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். குனிந்து, நானே பூட்டிய கம்ப்யூட்டர் பெட்டி மேலேயே காதை ஒட்டி வைத்துப் பார்த்தேன், தகரத்தின் சில்லிப்புதான் காதில் பட்டது, நிமிர்ந்தால் டிவியில் படங்களின் போஸ்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன! தறியிலிருந்தபடியே எட்டிப் பார்த்த அப்பா, "இன்னாடா, ஓடுதா இல்லியா அது?" என்றார். ஓடுதுப்பா! ஓடுறதே தெரியாம ஓடுது! கூடத்திலேயே குதித்தேன், வெட்கமே படாமல் குதித்தேன்.

எங்க ஊர் ஆரணி. சத்தம்னா என்னன்னு ஆரணிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலையில் காபி இறங்குவதற்குள் நாடா ஓட ஆரம்பித்துவிடும், இந்தக் கோடியில் ஒரு தட்டு, அந்தக் கோடியில் ஒரு தட்டு, எங்கள் தறி ஒரு தாளத்தில் போனால் பக்கத்து வீட்டுத் தறி அரைத் தாளம் பிந்தி வரும், எதிர் வீட்டுத் தறி அதற்கும் நடுவில் புகுந்து அடிக்கும், தெரு முழுக்கக் கச்சேரிதான். தார் சுற்றும் ராட்டைச் சத்தம் தனி. அரிசி மில்லுக்கு நெல் ஏற்றிப்போகும் லாரி தனி. இதெல்லாம் எனக்கு உயிர், தாலாட்டுக்குப் பதிலாக இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் ராத்திரி தறி நின்று, தெருவே பெருமூச்சு விட்ட பிறகு ஒரு படம் போட்டு உட்காருவோம் பாருங்க, அப்போது கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் 'கொர்ர்ர்' என்று ஆரம்பிக்கும். படத்தில் ஒருத்தி கண் கலங்கி நிற்கிறாள், பின்னணியில் ஒற்றைப் புல்லாங்குழல் இழைகிறது, அதன் மேலேயே இந்த இரைச்சல். அந்தப் புல்லாங்குழலை மீட்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

கம்ப்யூட்டர் ஏன் இரைகிறது? உள்ளே இருக்கும் சிப்பு சூடாகிறது, அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபேன் வேண்டும். ஃபேன் சின்னதாக இருந்தால் அதே அளவு காற்றைத் தள்ள அது வெறிபிடித்துச் சுற்றியாக வேண்டும், சத்தமும் கீச்சென்று மேலே ஏறும். மனிதக் காதோ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள கீச்சுகளைத்தான் வலை போட்டுப் பிடிக்கும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 120 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுவார்கள், ஆஸ்திரியாக்காரர்களின் நாக்டுவா கம்பெனி அந்தப் பழுப்பு நிற ஃபேன்களாலேயே உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. டெசிபெல் கணக்கில் 10 குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியான மாதிரி இருக்கும். எனக்குப் பாதி போதாது. எனக்கு சைபர் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: தறி ஓடும் வீட்டில் நூல் பிசிறு பறந்துகொண்டேதான் இருக்கும், ஃபேன் அதையெல்லாம் உறிஞ்சி உள்ளே திணித்துக்கொள்ளும், நாலு மாதத்தில் அந்த ஃபேன் கம்பளி போர்த்திக்கொண்டு கத்தும். ஃபேனே இல்லையென்றால்? பிசிறை உறிஞ்ச ஆளே இல்லை!

அப்போதுதான் இன்டெல் என்100 என்ற சிப்பு கண்ணில் பட்டது. 2023 தொடக்கத்தில் வந்தது. நாலு கோர். சாப்பிடுவது எவ்வளவு தெரியுமா? கம்பெனி போட்டிருக்கும் கணக்கு 6 வாட். ஆறு! நம் வீட்டு எல்இடி பல்பு 9 வாட்டுங்க! அந்த ஆறு வாட்டை வைத்துக்கொண்டு அது 4கே படத்தை, எச்இவிசி, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் எதில் சுருட்டி வைத்திருந்தாலும், அதற்கென்றே உள்ளே செய்து வைத்திருக்கும் தனிப் பாகத்தால் அலட்சியமாகப் பிரித்துக் காட்டிவிடும். இந்தச் சிப்பைப் பலகையிலேயே பொருத்தி, தலைமேல் அலுமினியச் செதில்களைக் கவிழ்த்து, ஏஎஸ்ராக் என்று ஒரு கம்பெனி என்100டிசி-ஐடிஎக்ஸ் என்ற போர்டு போட்டிருக்கிறது. அதில் என்னைப் பைத்தியமாக்கிய விஷயம் இதுதான்: அதற்கு எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டி வேண்டாம். லேப்டாப் சார்ஜர் மாதிரி 19 வோல்ட் அடாப்டரைப் பின்னால் சொருகினால் போதும். ஆக, சிப்புக்கும் ஃபேன் இல்லை, பவர் சப்ளைக்கும் ஃபேன் இல்லை. படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, நிஜமாகவே வரவில்லை, கனவு கண்டுகொண்டு கிடந்தேன்.

சென்னைக்கு பஸ் ஏறி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு இருந்த படபடப்பை என்னவென்று சொல்ல! போர்டைச் சொல்லி வைத்து வரவழைத்தேன், ஒரு டிடிஆர்4 ரேம் (அந்த போர்டில் ஒரே ஒரு இடம்தான், 8 ஜிபி தாராளம்), நாக்கு நீளத்துக்கு ஒரு எம்.2 எஸ்எஸ்டி, மேல்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு குட்டிப் பெட்டி. திரும்பி வரும் வழியெல்லாம் பையை மடியை விட்டு இறக்கவில்லை, ஆற்காடு தாண்டியும் இறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தரையில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். போர்டைக் கையில் எடுத்துப் பாருங்க, உள்ளங்கையை விடப் பெரிசு, நடுவில் அந்தச் செதில்கள், விரலை ஓட்டினால் சீப்பின் பல்லைத் தடவுகிற நெருடல். ரேமை அதன் பள்ளத்தில் நிறுத்தி இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன், 'டக்'. அந்தப் பெட்டி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து போட்ட ஒரே சத்தம் அதுதான்!

படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்பீர்கள். பெரிய ஹார்டு டிஸ்க் கூடத்தில் இருந்தால் அது சுற்றும், உறுமும், பலகையையே அதிர வைக்கும். அதனால் அதைப் பின்கட்டில், பழைய பாவு உருளைகள் கிடக்கும் அறைக்குள் நாடு கடத்திவிட்டு, அங்கிருந்து சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து வந்தேன். ஒரு 4கே ப்ளூரே டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போனாலும் விநாடிக்கு 150 மெகாபிட்டைத் தாண்டாது, கேபிளோ 1,000 மெகாபிட்டைத் தாங்கும்; அண்டாவை நிரப்பும் குழாயில் டம்ளர் தண்ணீர் பிடிப்பது மாதிரிதான். மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு வீசிடி விற்ற காலம் நினைவிருக்கிறதா? அப்போது ஆசை ஆசையாக வாங்கிய வீசிடி, டிவிடி எல்லாம், கீறல் விழாதது அத்தனையும், இப்போது அந்த டிஸ்க்குக்குள் பத்திரம்.

மென்பொருளுக்குக் காசே இல்லை! கோடி என்று பேர். 2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது, எக்ஸ்பிஎம்சி என்ற பேரில் வளர்ந்து, 2014-ல் கோடி ஆனது. லிப்ரெஎலெக் என்ற குட்டி லினக்ஸை பென் டிரைவிலிருந்து எஸ்எஸ்டியில் நிறுவிவிட்டால், பெட்டி நேராகக் கோடிக்குள்தான் கண் விழிக்கும், டெஸ்க்டாப், மவுஸ், அப்டேட் கேட்டு நச்சரிப்பு எதுவும் கிடையாது. மெனுவைத் தமிழுக்கு மாற்றி ரிமோட்டை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து, அம்புக்குறியைத் தட்டித் தட்டி, தானாகவே ஒரு சிவாஜி படத்தைத் திறந்தார். யாரும் சொல்லித் தரவில்லைங்க!

இனி சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க, முக்கால்வாசிப் பேர் இதைத் தொடுவதே இல்லை. சினிமா விநாடிக்கு 24 பிரேம். டிவியோ விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கிறது. அறுபதை இருபத்து நாலால் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாதே, அதனால் ஒரு பிரேமை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையுமாக மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கேமரா மெதுவாக வயல்வெளி மேல் நகரும்போது படம் லேசாகத் தத்தித் தத்திப் போவது இதனால்தான். கோடியில் ஒரு அமைப்பு இருக்கிறது, படத்தின் வேகத்துக்கு ஏற்றபடி திரையின் வேகத்தை மாற்றச் சொல்லலாம். மாற்றினேன். திரை அரை விநாடி கறுத்து, மறுபடி வந்தது. வந்ததும் அந்த வயல், அடடா, எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது! அதே டிவி! அதே படம்! பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, மறுபடி பின்னால் ஓட்டி, அந்த வரப்பையும் அந்த ஒற்றைப் பனையையும் எத்தனை முறை பார்த்தேனோ, கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி 'பேசும் படம்' போட்டேன். வேறு எதைப் போடுவது, சொல்லுங்க! 1987, சிங்கீதம் சீனிவாச ராவ், கமல், அமலா, எல். வைத்தியநாதன் இசை, படம் முழுக்க ஒரு வசனம்கூடக் கிடையாது. இப்போது கற்பனை பண்ணிப் பாருங்க: தறி நின்றுவிட்டது, தெருவில் கடைசி பைக்கும் போய்விட்டது, கூடத்து விளக்கை அணைத்தாயிற்று, அப்பா ஈஸி சேரில், அம்மா தூண் ஓரம், ஆயா பாயில் காலை நீட்டிக்கொண்டு, பெட்டி இருக்கிற இடமே இருட்டில் தெரியவில்லை, யாரும் பேசவில்லை, படத்திலும் யாரும் பேசவில்லை, அதனால் ஒவ்வொரு சத்தமும் ஒரு வசனமாகிவிடுகிறது, செருப்புச் சத்தம் ஒரு வசனம், கதவுக் கொண்டி ஒரு வசனம், டின்னு ஆனந்த் பனிக்கட்டிக் கத்தியோடு பதுங்கி வருகிறாரே, அந்தக் கத்தி உருகுவது எனக்குக் காதில் விழுந்த மாதிரி இருந்தது, பழைய கம்ப்யூட்டரில் இதே படத்தைப் பார்த்திருக்கிறேன், இதில் பாதிச் சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது! பெரிய ஓட்டலுக்குப் போன கமல், பழகிய இரைச்சல் இல்லாமல் தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, பழைய இடத்துச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்து போட்டுக்கொண்டு தூங்குவாரே, அந்தக் கட்டம் வந்ததும் ஆயா இருட்டிலிருந்து, "தறி நின்னா எனக்கும் முழிப்பு வந்துடும்டா" என்றாள், வீடே சிரித்தது, நான் சிரித்துக்கொண்டே அழுதேன், ஏனென்றால் அவள் முணுமுணுத்ததே கூடத்தின் அந்தக் கோடியிலிருந்த எனக்குக் கேட்டது, படத்தின் மேல் எந்தத் திரையும் இல்லை, எந்தப் புகையும் இல்லை, படமும் நாங்களும்தான்!

மறுநாள் 'குருதிப்புனல்'. 1995-ல் பி.சி. ஸ்ரீராம் இயக்கியது, டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் ஒலியோடு வந்த படம், பாட்டே கிடையாது. கமலும் நாசரும் எதிரெதிரே உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் பேசும் காட்சிகளில் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடர்கிறது என்பதுகூடத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒலிக்கு அவ்வளவு பாடுபட்ட படத்தை இத்தனை வருஷம் இரைச்சலுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறோமே என்று அடித்துக்கொண்டது மனசு.

ஆரணி வெயிலில் ஃபேன் இல்லாமல் தாங்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் படம் ஓடும்போது செதில் மேல் கை வைத்துப் பார்த்தேன், ஆறிய இட்லிச் சட்டிச் சூடுகூட இல்லை. சிப்பின் எல்லையோ 105 டிகிரி. ஒரே ஒரு நிபந்தனை: டிவி ஸ்டாண்டுக்குள் அடைக்காமல் காற்றாட மேலே வையுங்க, சூடு தானாக மேலே ஏறிப் போய்விடும். கரன்ட் போனால் இன்வெர்ட்டர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பெட்டி ஊமையான பிறகு கூடத்தில் பெரிய சத்தம் தலைக்கு மேல் சுற்றும் சீலிங் ஃபேன்தான் என்று தெரிந்தது! அதையும் கழற்றி பிஎல்டிசி ஃபேன் மாட்டி இரண்டில் வைத்துவிட்டேன், கரன்ட்டும் பாதிக்குமேல் மிச்சம். ஓடிடி படங்கள் லினக்ஸில் முழுத் தரத்தில் வராது என்பார்கள். அதற்குத்தான் டிவியிலேயே ஆப் இருக்கிறதே, அதைப் பேசி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்!

சித்தப்பா போன வாரம் வந்து ஒரு முழுப் படம் பார்த்தார். போகும்போது பெட்டியைத் தூக்கி, திருப்பி, அடியில் பார்த்து, "இதே மாதிரி நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடுடா" என்றார். கேட்ட மாத்திரத்தில் லிஸ்ட் எழுதி நீட்டிவிட்டேன், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, அடாப்டர், பெட்டி, ரிமோட், இருபது மீட்டர் லேன் கேபிள். தேவிகாபுரத்தில் அவர் வீட்டுக் கூடம் எங்களுடையதைவிட நீளம், ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று இப்போதே தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டு வந்திருக்கிறேன்!