வலைத்தளங்களுக்கு ஒரு நன்னூல் அளவுகோல்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு இம்முறை இளையவர்களும் படிக்கும்படியாக ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். 'இணையத்தில் பார்க்கத் தகுந்த, ரசனையான தமிழ்த் தளங்கள்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். பேகம் பஜாரில் பித்தளை, எவர்சில்வர் வியாபாரம் பார்த்துக்கொண்டு, ஒழிந்த நேரத்தில் ஏட்டைப் புரட்டுகிறவனுக்கும் இணைய ரசனைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கவே இருக்கிறது. பளபளப்பு எது, கனம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதானே பாத்திரக் கடைக்காரன் தொழில்!

ரசனை ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே கையில் ஓர் அளவுகோல் வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் பவணந்தி முனிவருடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கிணங்க நன்னூல் இயற்றிய சமண முனிவர் அவர். நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று பாயிரத்தில் வகுத்து வைத்திருக்கிறார். ஓலைச்சுவடிக்குச் சொன்னதைக் கணிப்பொறித் திரைக்குப் பொருத்தலாமா என்று கேட்பீர்கள். பொருத்திப் பார்ப்போமே, பொருந்தாவிட்டால் விட்டுவிடுவோம்.

பத்துக் குற்றத்தில் ஒன்று 'சென்று தேய்ந்து இறுதல்'. தொடக்கத்தில் பெரிதாகக் கிளம்பி, போகப் போக இளைத்து, ஒன்றுமில்லாமல் முடிவது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழும்பிய அலங்காரத் தளங்களில் பெரும்பாலானவற்றின் ஜாதகம் இந்த மூன்று சொல்லில் அடங்கிவிடும். அப்போது ப்ரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். தளம் திறந்தால் குத்துவிளக்கு சுழலும், வீணை ஒலிக்கும், எழுத்துகள் ஓரத்திலிருந்து ஓடி வரும். தமிழ் மட்டும் தெரியாது, கட்டம் கட்டமாக நிற்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. இறக்கிக்கொள்ளுங்கள் என்று கட்டளை வேறு! அந்த ஆட்டபாட்டமெல்லாம் ஃப்ளாஷ் என்ற மென்பொருளை நம்பி இருந்தது. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இலவசமாக வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-லேயே கடையைக் கட்டிவிட்டது. அதில் குடியிருந்த எத்தனையோ தமிழ்ப் பக்கங்களும் அதோடு போயின.

இனி எதிர்ப்பக்கம். ஹைதராபாத்தில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட அதே 1998-ஆம் ஆண்டு, அது கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே, பொங்கல் திருநாளன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் விஞ்ஞானியாகப் பணிபுரிந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தியது. சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டச்சு செய்து, வேறொருவர் மெய்ப்புப் பார்த்து, வலையில் ஏற்றினார்கள். முதல் எண் பெற்றது திருக்குறள். இந்தத் தளத்தை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைத் தாளில் வரிசையாக எழுத்து, அவ்வளவுதான். என் பேத்தி பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, பேங்க் பாஸ்புக் மாதிரி இருக்கு" என்றாள். பாஸ்புக்தான். ஆனால் கணக்கில் பணம் இருக்கிறதே!

அந்த எளிமைக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பதும் அதுதான். மதுரைத் திட்டத்தில் நூல் எழுத்தாக இருக்கிறது. வேறு பல தளங்களில் நூல் படமாக இருக்கிறது. பார்வைக்குப் படம்தான் அழகு. பழைய பதிப்பின் அட்டை, அச்சு, ஓரத்தில் செல்லரித்த துளை, எல்லாம் அப்படியே தெரியும். ஆனால் அந்தப் படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. கண் மங்கியவர்கள் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரியை மடக்கிப் படிக்க முடியாது. எழுத்து என்றால் தேடலாம், நகல் எடுக்கலாம், இன்னொரு லிபிக்கே மாற்றலாம்.

லிபி மாற்றம் நம் போன்ற குடும்பங்களுக்குச் சாதாரண விஷயமில்லை. தெலங்கானாவில் எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயமாக்கி 2018-ல் சட்டம் வந்தது. நல்லதுதான், இருக்கிற ஊரின் மொழியைக் கற்பது கடமை. ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை, தெலுங்கு எழுத்து சரளமாக வருகிறது. இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார் வினோத் ராஜன் என்ற தமிழர். அட்சரமுகம் என்பது அவர் உருவாக்கிய தளம். ஒரு லிபியில் உள்ளதை ஒட்டினால் இன்னொரு லிபியில் கொடுக்கும். மதுரைத் திட்டத்திலிருந்து நாலடியாரின் ஒரு பாட்டை எடுத்து இதில் இட்டுத் தெலுங்கெழுத்தாக்கிக் கொடுத்தேன். பேத்தி கடகடவென்று வாசித்தாள். குறை இருக்கிறது. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறும். தெலுங்கில் ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து. அதனால் 'பகல்' என்பதில் வரும் ககரத்தைப் பிள்ளை வல்லொலியாகவே அடித்து வாசிக்கும். ழகரம் வருமிடத்தில் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். உட்காருங்களேன், சீரியல் எங்கே ஓடிப்போகிறது? இருந்தாலும் இதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது. ஆசை வருவதற்கு ஒரு வாசல், அவ்வளவே.

மதுரைத் திட்டத்தின் மேல் எனக்குக் குறைகளும் உண்டு. உரையில்லாத மூலமே பெரும்பாலும். எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டினார்கள் என்ற விவரம் சில நூல்களில் இருக்கும், சிலவற்றில் இராது. பாடவேதம் காட்டுவது அபூர்வம். ஆராய்ச்சிக்கு அதை மட்டும் நம்பி மேற்கோள் எழுதினால் மாட்டிக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். நான் முதலில் அதைத்தான் படிப்பேன். மதுரைப் பக்கம் அழகர்மலைக் குகையில், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்தில், துறவிகளின் உறைவிடத்துக்குக் கொடை கொடுத்தவர்களின் பெயரைத் தொழிலோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று. புகழூரில் கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் பெயர் இருக்கிறது. கல்லில் படுக்கை கொடுத்தவனும், கண்ணை அழித்துக்கொண்டு நூலைத் தட்டிக் கொடுத்தவனும் என் கணக்கில் ஒரே பேரேட்டில் வருகிறவர்கள்.

உரை வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போக வேண்டும். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று 2001 பிப்ரவரியில் தொடங்கியது இதுவே. சங்க நூல்கள், காப்பியங்கள், இலக்கணங்கள் உரையோடு இருக்கின்றன. சரக்கு முதல் தரம், அடுக்கியிருப்பதில்தான் வழுக்கல். ஒரு பாட்டைப் பார்த்து அடுத்த பாட்டுக்குப் போக மறுபடி மறுபடி சொடுக்க வேண்டும். வந்த வழி மறந்துபோகும். 'முறையின் வைப்பு' என்பது பவணந்தியார் சொன்ன பத்து அழகில் ஒன்று. வைக்க வேண்டியதை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பது. கடையில் டம்ளரையும் அண்டாவையும் ஒரே அடுக்கில் கவிழ்த்து வைத்தால் வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்குள் அவர் அடுத்த கடையில் இருப்பார். 2017-ல் இதே கழகம் தொடங்கிய தமிழ் மின்னூலகம் இந்த வகையில் தேவலை. பட்டியல் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் நூல்கள் படங்கள்தான்.

பட்டியல் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1994-ல் கணினித் துறையின் ட்யூரிங் விருதும் பெற்ற ராஜ் ரெட்டி அவர்கள், பத்து லட்சம் நூல்களை மின்னாக்குவதென்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெருமுயற்சி எடுத்தார். இந்தியப் பகுதிக்கு 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' என்று பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஒருங்கிணைக்க, கச்சிபௌலியில் உள்ள ட்ரிபிள் ஐடி முக்கியப் பங்கெடுத்தது. நினைத்தாலே மலைப்பான காரியம். ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களும் அதில் ஏறின. ஆனால் தலைப்புகளை ரோமன் எழுத்தில், தமிழ் தெரியாதவர் காதில் விழுந்தபடி பதித்துவிட்டார்கள். ஒரு நூலைத் தேடுபவர், ழகரத்துக்கு என்ன போட்டிருப்பார்கள், றகரத்தை எப்படி உடைத்திருப்பார்கள் என்று சோழி உருட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பெயரும் அப்படியே. 'மயங்க வைத்தல்' என்ற குற்றத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 2017 வாக்கில் அந்தத் தளமும் திறக்காமல் போயிற்று. நல்லவேளையாக, அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் அந்நூல்களில் பெரும்பகுதி நகலாகிப் பிழைத்திருக்கிறது, அதே கோணல் தலைப்புகளோடு. தமிழ் தெரிந்த ஓய்வுபெற்ற அன்பர்கள் ஆளுக்கு நூறு தலைப்பைச் சரிசெய்து ஒரு பட்டியல் போட்டாலும் அது பதிப்பித்தலுக்குச் சமமான தொண்டு.

சரி, விளையாட்டுக்கு என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அகராதியே விளையாட்டுதான், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்தால். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பின்னிணைப்பு 1939-ல் வந்தது, எல்லாம் அங்கே இருக்கிறது. பிரவுன் துரையின் தெலுங்கு அகராதியும் அங்கேயே. இரண்டுக்கும் நடுவே பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. பேத்தியிடம் 'உரல்' என்று தேடச் சொன்னேன். அதே பதிவில் தெலுங்கு 'ரோலு' வந்து நின்றது. 'உலக்கை' என்றால் 'ரோகலி'. பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று தனித்தனியாக இருந்த இரண்டு சொல் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே! அடுப்படிச் சாமான் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தளத்திலும் ஒரு பூ, ஒரு வண்ணம் கிடையாது. 'நவின்றோர்க்கு இனிமை' என்று பத்தழகில் ஒன்று உண்டல்லவா? பழகினவனுக்குத்தான் அந்த இனிமை கிட்டும் என்பது என் அனுபவம்.

பெரியவர்களின் விளையாட்டு வேறு. முனைவர் ப.பாண்டியராஜா உருவாக்கிய சங்க இலக்கியத் தொடரடைவில், ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் அடிகள் வரிசையாக வந்துவிடும். முன்பு இதற்காக ஒரு ஆயுள் வேண்டும். ஆனால் எதைத் தேடுவதென்று தெரிந்திருக்க வேண்டும். சங்கப் பாட்டில் 'சமணர்' என்று தேடினால் கையை விரிக்கும். அப்படியானால் சமணரே அங்கு இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? மதுரைக்காஞ்சியில் சமணப் பள்ளியின் நீண்ட வருணனை இருக்கிறது. 'சாவகர்' என்று தேடினால் நேரே அங்கு போய் நிற்கலாம். இயந்திரம் தேடிக் கொடுக்கும். என்ன சொல்லால் அழைப்பது என்பதைப் படிப்புதான் கொடுக்கும்.

அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையை முதல் நிமிடத்தில் உட்கார வைக்காத தளத்துக்கு அந்தப் பிள்ளை மறுபடி வராது. தமிழ்த் தளங்களை நடத்துபவர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. உள்ளே தங்கம் இருக்கிறது, வாசலில் கோலம் எதற்கு என்ற மிதப்பு. பக்கத்து மொழியைப் பாருங்கள். தெலுங்கில் ஆந்திரபாரதி என்ற தளத்தில் ஒரே கட்டத்தில் சொல்லை இட்டால் பல அகராதிகளின் பொருளும் ஒருசேர வருகிறது. வண்ணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒழுங்குதான் அங்கே கோலம்.

ஈழத்தவரின் நூலகம் என்ற தளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005-ல் சில இளைஞர்கள் தொடங்கிய இந்தத் தளத்தில் நூல்கள் மட்டுமல்ல, பள்ளி மலர், கோயில் மலர், சங்க மலர், நினைவு மலர் என்று நாம் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற எல்லாவற்றையும் மின்னாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். இழந்தவனுக்குத்தான் எது சரக்கு என்று தெரிகிறது.

அதைப் பார்த்த பிறகு நம் சங்கத்தின் பழைய மலர்கள் எங்கே என்று விசாரித்தேன். எந்தத் தளத்திலும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய மலர்கள் சிலவற்றின் பேஜ்மேக்கர் கோப்புகள் ஒரு குறுவட்டில் கிடைத்தன. திறந்தால் பழைய எழுத்துரு. தமிழ் ஓர் எழுத்துகூட வாசிக்க முடியவில்லை. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. இந்த மலரையாவது அச்சகத்திலிருந்து யூனிகோடு கோப்பாகவும் கேட்டு வாங்கி, ஒரு நகலை ஆர்கைவ் தளத்தில் ஏற்றி, தலைப்பைத் தமிழிலேயே பதிய வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பழையவற்றுக்கு அச்சுப் பிரதிதான் கதி. என் அலமாரியில் ஏழு மலர்கள் இருக்கின்றன. இரண்டுக்கு அட்டை இல்லை. மற்ற ஆண்டுகளின் பிரதி வைத்திருக்கும் அன்பர்கள் கடைக்கு வந்து கொடுத்தால், ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.