'ஜெய் பீம்' படமும் ஒரு பழைய பட்டியலும்

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வெளியானபோது, புனேயில் நம்ம தமிழ்க் குடும்பங்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. பேசியதெல்லாம் லாக்கப் அடியைப் பற்றியும் கோர்ட்டு வாதத்தைப் பற்றியும்தான். எனக்குப் பிடித்தது படத்தின் முதல் சில நிமிடங்கள். விடுதலையாகி வருகிறவர்களைச் சிறை வாசலில் நிறுத்திச் சாதி கேட்கிறார்கள். சில சாதிக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களை, முடியாமல் கிடக்கும் வழக்குகளில் சேர்க்க, ஸ்டேஷன் வாரியாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி நடக்கிறது அது.

இயக்குநர் த.செ.ஞானவேல் இந்த இழையை விட்டிருக்க வேண்டாம். பிறகு வருகிற சப்-இன்ஸ்பெக்டர் குருமூர்த்தி, பார்த்தவுடனே வெறுக்கத்தக்க ஆள். அவர் மேல் நாம் கோபப்படுகிறோம், வக்கீல் ஜெயித்ததும் நிம்மதியாக டி.வி.யை அணைக்கிறோம். (லிஜோமோள் ஜோஸின் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை.)

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர்கள். படம் அவர்களை இருளர் ஆக்கிவிட்டது. இருளர் பட்ட கஷ்டம் குறைவென்று நான் சொல்லவில்லை. ஆனால் குறவர்கள் ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டப் பட்டியலில் இருந்தவர்கள். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த சட்டம் அது. கைரேகை பதியணும், ஊரை விட்டுப் போக அனுமதி வாங்கணும். ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது, 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள்.

அன்று சுட்டவர்கள் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 1993இல் அடித்தவர்கள் சட்டத்தை மீறினார்கள். அடிபட்டவர்களோ இரண்டு முறையும் அந்தப் பட்டியலில் இருந்த சாதிக்காரர்கள். சட்டம் 1952இல் நாடு முழுக்க ரத்தாகிவிட்டது. ஆனால் 'நியாயமான சந்தேகம்' இருந்தால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம் என்ற அதிகாரம் இன்றும் போலீஸ்காரர் கையில் இருக்கிறது. யாரைச் சந்தேகிப்பது என்று சட்டப் புத்தகம் சொல்லாது. அதை ஸ்டேஷனில் சீனியர் ஏட்டுதான் சொல்லிக்கொடுப்பார். குறவரை மாற்றியதில் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோயிற்று.

இந்த விஷயத்தில் மராட்டியர்கள் நமக்கு முன்னாலேயே எழுதிவிட்டார்கள். லக்ஷ்மண் கெய்க்வாடின் தன்வரலாறு 'உச்சல்யா' 1987இல் வந்தது, அடுத்த வருஷமே சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தாத்தா போலீசிடம் ஹாஜரி கொடுத்தே காலம் தள்ளுகிறார். வீட்டைச் சோதனை போட வருகிற போலீஸ்காரர் யாராக இருந்தாலும் ஒன்றுதான், அடி நிச்சயம். அதில் ஒரு குருமூர்த்தி கிடையாது. படித்து முடித்து, யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கோந்த்வாவில் எங்கள் சொசைட்டியில் ஒருமுறை தங்கச் செயின் காணாமல் போனது. குப்பை பொறுக்க வரும் பார்தி சமூகத்துப் பெண்ணைத்தான் முதலில் நிறுத்தினார்கள். நிறுத்தியது வாட்ச்மேனும் கமிட்டிக்காரர்களும். போலீஸ் அப்புறம்தான் வந்தது. வந்ததும், யார் மேல் சந்தேகம் என்று எங்களைத்தான் கேட்டது.

படத்திலும், பாம்பு பிடிக்க வந்துபோன ராசாக்கண்ணு மேல் முதலில் சந்தேகம் விழுவது நகை காணாமல் போன அந்தப் பெரிய வீட்டில்தான். அந்த வீட்டைப் பற்றிப் படம் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.