சாளரமில்லாத அறை
(யப்பானியக் கப்சூல் விடுதிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு)

ஒரு சமுதாயத்தின் கட்டடக்கலையை மதிப்பிட முற்படுவோர் அதன் கோயில்களையும் மாளிகைகளையுமே முதலில் நோக்குவர். ஆயின், கையிற் பணம் குறைந்த பிரயாணி இராத்தங்கும் இடமும் அச்சமுதாயத்தைப் பற்றிச் சான்று பகரவல்லது. ஆடம்பரம் நீக்கப்பட்ட இடத்தில், மனிதனுக்கு எது இன்றியமையாதது, எது இன்றியும் அமையும் என அச்சமுதாயம் கருதுகின்றது என்பது வெளிப்பட்டுவிடுகின்றது. இவ்வகையில் யப்பானின் கப்சூல் விடுதி விமர்சனக் கண்கொண்டு நோக்கப்பட வேண்டிய ஒன்றாகும்.

மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின்கீழ் யப்பான் சென்றபோது, ஒசாக்காவிலும் ரோக்கியோவிலுமாக ஆறு இரவுகளை இத்தகைய விடுதிகளிற் கழித்தேன். வாசலிற் பாதணிகளைக் கழற்றிச் சிறு பெட்டியிற் பூட்டுதல் வேண்டும். கையிற் கட்டிக்கொள்ள இலக்கமிட்ட திறப்பொன்று தரப்படும். உடைகளை நிலைப்பெட்டியில் வைத்து, விடுதி வழங்கும் தளர்ந்த ஆடையை அணிந்து, பொதுக் குளிப்பிடத்தில் நீராடியபின் படுக்கைத் தளத்துக்குச் செல்லலாம். அங்கே நீண்ட நடையின் இருமருங்கிலும், இரண்டு அடுக்குகளாக, பெட்டிகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் கொண்டது. எழுந்து உட்காரலாம், நிற்க முடியாது. ஒரு விளக்கு, எழுப்புமணி, சிறிய தொலைக்காட்சிப் பெட்டி. வாயிலை மூடுவது கதவன்று, இழுத்துவிடும் திரை. அதற்குப் பூட்டில்லை. நான் இரவொன்றுக்குச் செலுத்தியது சுமார் 3000 யென். நகரத்தின் சாதாரண ஹோட்டல் அறைக்கு இதனைப் போல இரு மடங்குக்கு மேல் கேட்டார்கள்.

இவ்வமைப்பின் முதல் விடுதி 1979ஆம் ஆண்டு ஒசாக்காவின் உமெதாப் பகுதியில் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் கிஷோ குரோக்காவா (1934–2007). 1960இல் ரோக்கியோவில் நடைபெற்ற உலக வடிவமைப்பு மாநாட்டின்போது ‘மெற்றபொலிசம்’ என்ற பெயரில் தம்மை அறிவித்துக்கொண்ட இளங் கட்டடக் கலைஞருள் அவரும் ஒருவர். உயிரின் உடலிற் கலங்கள் அழிந்து புதுக்கலங்கள் தோன்றுவதுபோல, நகரமும் தன் உறுப்புகளைக் காலத்துக்குக் காலம் மாற்றி வளர வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு. 1969இல் குரோக்காவா கப்சூல் பற்றிய பிரகடனமொன்றை வெளியிட்டார். இடம்விட்டு இடம்பெயரும் புதிய மனிதனின் உறைவிடமாகவும், தனிமனித விடுதலையின் கருவியாகவும் கப்சூலை அவர் கண்டார்.

அக்கனவின் கல்வடிவம் 1972இல் ரோக்கியோவின் கின்சாப் பகுதியருகே எழுந்த நக்காகின் கப்சூல் கோபுரமாகும். 140 கப்சூல்கள், ஒவ்வொன்றும் நான்கு முறுக்காணிகளால் மையத் தண்டுடன் பிணைக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கொருமுறை அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்தலாம் என்பது திட்டம். உள்ளே கட்டில், மடிக்கும் மேசை, தொலைக்காட்சி, சிறு குளியலறை ஆகியன இருந்தன. யாவற்றுக்கும் மேலாக, நகரை நோக்கிய பெரிய வட்டச் சாளரமொன்று இருந்தது.

ஏழாண்டுகளின் பின் அதே கலைஞர் அமைத்த விடுதியுடன் இதனை ஒப்பிட்டு நோக்குவோம். குளியலறை வெளியே போய்விட்டது, மேசை மறைந்துவிட்டது, சாளரமும் இல்லை. எஞ்சியது கட்டிலும் தொலைக்காட்சியுமே. உலகை நோக்கத் தான் திறக்கும் சாளரத்தின் இடத்தில், பிறர் தெரிந்து அனுப்பும் உலகைக் காட்டும் திரை அமர்ந்துகொண்டது. விடுதலை பெற்ற மனிதனுக்கென எண்ணப்பட்ட அறை, களைத்த மனிதனைக் கிடத்தும் அறையாக ஒடுங்கிற்று. இந்த ஒடுக்கத்தின் காரணம் யாது? விமர்சகரிடையே கருத்து வேறுபாடு தோன்றுவது இவ்விடத்திலேதான்.

யப்பானியப் பண்பாட்டிலே விடை தேடுவோர் பலர். சிறியதை நேசித்தல் அம்மக்களின் இயல்பு என்பது அவர்கள் வாதம். கொரிய விமர்சகர் லீ ஓ-யங் 1982இல் வெளியிட்ட நூல், பொருள்களைச் சுருக்கிக் காணும் மனப்போக்கையே யப்பானியப் பண்பாட்டின் திறவுகோலாகக் கொண்டது. கப்சூலைத் தேநீர் அறையுடன் ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. மேற்போக்கான ஒற்றுமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சென் நோ ரிக்கியூ (1522–1591) அமைத்ததாகக் கருதப்படும் தாய்-ஆன் தேநீர் அறை இரண்டு பாய்களின் பரப்பே உடையது. அதன் வாயிலிலும் குனிந்து, தவழ்ந்தே நுழைதல் வேண்டும்.

ஆயினும் இவ்வொப்புமை அடிப்படையிலே பிழையானது என்பது என் கருத்து. தேநீர் அறை சிறிதாயிருப்பது இருவர் நெருங்கி அமர்வதற்காக. வாளை வெளியே வைத்து, தலை தாழ்த்தி நுழையும் வீரன், அங்கே தன்னை வரவேற்கும் ஒருவரைக் காண்கிறான். விருந்தோம்புவோரும் விருந்தினரும் இன்றேல் தேநீர் அறை இல்லை. கப்சூலிலோ இரண்டாமவருக்கு இடமே இல்லை. ஒன்று சந்திப்புக்கான சிறுமை. மற்றது பிரிப்புக்கான சிறுமை. அளவு ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

உண்மையான காரணங்களை வாழ்க்கை நிலைமைகளிலேயே தேட வேண்டும். நகர நிலத்தின் விலை ஏற ஏற, ஊழியர் புறநகருக்குத் தள்ளப்பட்டனர். வேலையும், வேலையின் தொடர்ச்சியான மதுவருந்தலும் நள்ளிரவுவரை நீடித்தன. கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டவர் வாடகை மோட்டாரில் வீடு திரும்பும் செலவைவிடக் கப்சூலின் கட்டணம் குறைவு. 1980களின் பொருளாதார வீக்கக் காலத்தில் இவ்விடுதிகள் பெருகியமைக்கு இதுவே காரணமெனலாம். அவற்றிற் பல ஆண்களுக்கு மட்டுமே உரியனவாக இருந்தமையும் அக்கால வேலைத்தலத்தின் இயல்பையே காட்டுகின்றது. தொழிலாளி வீடு சென்று மீளும் நேரத்தையும் மிச்சப்படுத்தி, மறுநாட் காலை மேசைக்கு அனுப்பும் சாதனமாகக் கப்சூல் தொழிற்பட்டது.

சட்டத்தின் கண்ணில் இவை ஹோட்டல்கள் அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் விடுதித் தொழிற் சட்டத்தின்கீழ் இவை ‘எளிய தங்குமிடம்’ என்ற வகையுள் அடங்குவன. இதற்குப் பழைய முன்னோடியும் உண்டு. எடோக் காலத்தில், உணவு வழங்கும் விடுதிகளுக்குச் செல்ல வசதியற்ற வழிப்போக்கர், விறகுக்கு மட்டும் காசு கொடுத்துத் தம் அரிசியைத் தாமே சமைத்து உறங்கும் ‘கிச்சின்-யாதோ’ எனும் விடுதிகளை நாடினர். ஏழைப் பிரயாணிக்கெனத் தனித் தங்குமிடம் இருந்தமை புதிதன்று. ஒரே அடுப்பைச் சுற்றியிருந்தோர் ஒவ்வொருவராய்ப் பெட்டிக்குள் அடைபட்டமையே புதிது.

1990களின் தொடக்கத்திற் பொருளாதார வீக்கம் உடைந்தது. நிலையற்ற வேலைகள் பெருகின. இணையக் கடைகளில் இரவைக் கழிக்கும் வீடற்றோர் சுமார் 5400 பேர் என 2007இல் அரசாங்கமே கணித்தது. 2008இன் நிதி நெருக்கடியின் பின்னர், வேலையிழந்தோர் சிலர் கப்சூல்களையே மாதக்கணக்கில் வீடாகக் கொண்டனர். ஓரிரவுக்கென அமைந்த இடம் வாழ்விடமாகிற்று.

ரோக்கியோவில், என் கப்சூலுக்குக் கீழிருந்தவர் அறுபதைத் தாண்டியவர். சலவை இயந்திரத்தினருகே, எனக்குத் தெரிந்த அற்ப யப்பானிய மொழியில் அவருடன் உரையாடினேன். எத்தனை நாட் தங்குகிறாய் எனக் கேட்டார். மூன்று நாள் என்றேன். “நானும் அப்படித்தான் சொல்வது வழக்கம்” என்று சிரித்தார். காலை பத்து மணிக்கு யாவரும் வெளியேற வேண்டுமென்பது விதி. இரு பைகளுடன் வெளியேறிய அவர், மாலையில் மீண்டும் புதிய விருந்தினராகப் பெயர் பதிந்து பணம் செலுத்தியதைக் கண்டேன். நண்பருக்கு எழுதத் தொடங்கியிருந்த கடிதத்தில், விண்கலத்தில் உறங்குவதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அன்றிரவு அடித்துவிட்டேன்.

2009இல் கியோத்தோவில் திறக்கப்பட்ட ‘நைன் அவர்ஸ்’ போன்ற புதிய விடுதிகள் இப்பெட்டிக்கு அழகிய தோற்றம் அளித்துள்ளன. நீராட ஒரு மணி, உறங்க ஏழு மணி, ஆயத்தமாக ஒரு மணி என்பதே அப்பெயரின் பொருள். பெண்களுக்கும் அங்கே தனி இடமுண்டு. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும், ஒருவரின் நிர்ப்பந்தம் மற்றொருவரின் அனுபவமாக விற்கப்படுகின்றது என்பதைப் பிரயாண எழுத்தாளர் பெரும்பாலும் காண்பதில்லை. நானும் முதலிற் காணவில்லை.

இதனாற் கப்சூல் விடுதியை முற்றாக நிராகரித்தல் நியாயமாகாது. குறைந்த விலையிற் சுத்தமான படுக்கை, சுடுநீர், அச்சமற்ற உறக்கம் ஆகியவற்றை அது ஏழைக்கும் பிரயாணிக்கும் ஒருங்கே அளிக்கின்றது. பூட்டில்லாத திரையின் பின்னே நான் ஆறு இரவும் நிம்மதியாக உறங்கினேன். அந்தப் பரஸ்பர நம்பிக்கையும் யப்பானிய சமுதாயத்தின் ஆக்கமே. குறை கப்சூலில் இல்லை. அதனை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நிலையில் உள்ளது. எனக்கு அது மூன்று நாள் தெரிவு, அம்முதியவருக்கோ தெரிவன்று.

நக்காகின் கோபுரத்தின் கப்சூல்கள் ஒருபோதும் மாற்றப்படவில்லை. பழுதடைந்த அக்கட்டடம் 2022இல் இடிக்கப்பட்டது. 23 கப்சூல்கள் காப்பாற்றப்பட்டன. அவற்றுட் சில காட்சிப்பொருளாயின. சாளரமுள்ள அறை நூதனசாலைக்குச் சென்றுவிட்டது. சாளரமில்லாத அறையே வாழ்கின்றது. உறைவிடமொன்றை அதன் அளவுகொண்டு மதிப்பிடுதல் போதாது. அங்கே உறங்குபவர் நாளையும் அங்கிருக்கலாமா, இன்னொருவரை வரவேற்கலாமா, வெளியே நோக்கலாமா என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். குரோக்காவாவின் பிரகடனம் பேசிய விடுதலை இவ்வினாக்களுக்கான விடையிலேதான் தங்கியுள்ளது.