முப்பது மில்லியன் சொற்கள்: குழவிமொழி ஆய்வும் வர்க்க நோக்கும்

குழவிப் பருவத்து மொழி வளர்ச்சி பற்றி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகளுள், ஆய்வுலகின் எல்லையைக் கடந்து அரசாங்கக் கொள்கைகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் இடம்பிடித்தவை மிகச் சில. அவற்றுள் முதன்மையானது, பெற்றி ஹாட், ரொட் றிஸ்லி ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்ட நூலாகும். அமெரிக்கச் சிறுபிள்ளைகளின் அன்றாட அனுபவத்திற் காணப்படும் அர்த்தமுள்ள வேறுபாடுகள் என்பது அதன் தலைப்பின் பொருள். நான்கு வயதை எட்டும்போது, வறிய குடும்பத்துப் பிள்ளை வாண்மையாளர் குடும்பத்துப் பிள்ளையைவிட முப்பது மில்லியன் சொற்களைக் குறைவாகக் கேட்டிருக்கும் என்பதே அந்நூலிலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்டுப் பரவிய முடிபு. நூலைப் படித்தோர் சிலர். எண்ணை எடுத்தாண்டோர் பலர். அவ்வெண் எவ்வாறு பிறந்தது, அதன் பின்னால் நிற்கும் குழந்தை யார் என்பன வினவப்படல் வேண்டும்.

ஆய்வாளரின் நல்நோக்கத்தை ஐயுறுவதற்கில்லை. 1960களில், வறுமைக்கெதிரான போர் என்று அமெரிக்க அரசு பிரகடனஞ் செய்த காலத்தில், அவ்விருவரும் கன்சாஸ் நகரத்தின் வறிய குடியிருப்பொன்றில் முன்பள்ளிப் பிள்ளைகளிடையே பணியாற்றினர். பிள்ளைகளுக்குப் புதிய சொற்களைக் கற்பிக்க முடிந்தது; ஆனால் அவர்களது சொற்றொகை வளரும் வேகத்தை மாற்ற முடியவில்லை. அத்தோல்வியின் காரணத்தை, பிள்ளை முன்பள்ளிக்கு வருமுன் வீட்டில் வாழ்ந்த ஆண்டுகளிலே தேடத் தலைப்பட்டனர். தேடல் நேர்மையானது. ஆனால் வீட்டின் வாசற்படியோடு அது நின்றுவிட்டது.

42 குடும்பங்கள் தெரிவுசெய்யப்பட்டன. அவற்றுள் 13 வாண்மையாளர் குடும்பங்கள். 23 நடுத்தர, தொழிலாளர் குடும்பங்கள். அரசின் நல உதவிப்பணத்தில் வாழ்ந்தவை 6 மாத்திரமே. குழந்தை தன் முதலாம் வயதை நிறைவு செய்யுமுன் தொடங்கி மூன்று வயது வரை, மாதமொரு மணித்தியாலம் வீட்டுப் பேச்சு ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அப்பதிவுகளை எழுத்துருவாக்கிய உழைப்பு மதிப்புக்குரியது. மணித்தியாலமொன்றுக்கு வாண்மையாளரின் குழந்தை சராசரி 2,153 சொற்களையும், தொழிலாளரின் குழந்தை 1,251 சொற்களையும், உதவிப்பணத்தில் வாழ்ந்தோரின் குழந்தை 616 சொற்களையும் கேட்டதாகக் கணக்கிடப்பட்டது.

இதுவரை ஆய்வு, இதற்கு மேல் வாய்பாடு. குழந்தை வாரத்துக்கு நூறு மணித்தியாலம், அதாவது நாளொன்றுக்குப் பதினான்கு மணித்தியாலத்துக்கும் மேலாக விழித்திருக்கும் எனக் கொண்டு, நான்கு ஆண்டுகளால் பெருக்கியபோது 45 மில்லியன், 26 மில்லியன், 13 மில்லியன் என்ற தொகைகள் கிடைத்தன. பிறந்த குழந்தை நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலே கழிக்கின்றது என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. தாலாட்டிய எவரும் அறிவர். மேலும், மூன்று வயதோடு பதிவுகள் முடிவடைந்தன. நான்காம் ஆண்டின் சொற்கள் எவராலும் கேட்கப்படாதவை. ஆறு குடும்பங்களின் ஒரு மணித்தியாலப் பேச்சு, பல மில்லியன் அமெரிக்க வறியோரின் முழுவாழ்வுக்கும் சான்றாக நிறுத்தப்பட்டது. அந்த ஆறு குடும்பங்களும் கறுப்பினத்தவை. வாண்மையாளர் குடும்பங்களோ பெரும்பாலும் வெள்ளையினத்தவை. ஆகவே இங்கு அளக்கப்பட்டது வர்க்கமா, இனமா, அவ்விரண்டும் பின்னிய வரலாறா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

ஒலிப்பதிவுக் கருவியோடு பல்கலைக்கழகத்தார் ஒருவர் வந்தமர்ந்தால், பேராசிரியர் வீட்டில் அவர் விருந்தினர். தன் குழந்தையோடு எவ்வாறு உரையாடுவது என்பதைத் தாய் உற்சாகத்தோடு காட்டுவாள். உதவிப்பணம் பெறுவோர் வீட்டுக்கு அலுவலர் வருவது விசாரணைக்கு. அங்கே வாயடங்குதல் இயல்பு. ஊக்கச் சொற்கள், தடைச் சொற்கள் பற்றிய அட்டவணையையும் இவ்வகையிலேயே நோக்குதல் வேண்டும். வாண்மையாளரின் குழந்தை மணித்தியாலத்துக்கு 32 ஊக்கங்களையும் 5 தடைகளையும் பெற, உதவிப்பணக் குடும்பத்துக் குழந்தை 5 ஊக்கங்களையும் 11 தடைகளையும் பெற்றது என்கின்றனர். குழந்தையின் மனவெழுச்சி வாழ்வை இவ்வாறு வரவு செலவாக எழுதுவது சரியாகுமா? இடவசதியற்ற வீட்டில், அடுப்பருகே தவழும் குழந்தையை நோக்கி எழும் 'தொடாதே' என்ற குரல் பரிவின் குரலன்றோ? அட்டவணையில் அது தடை.

எமது வாசகர்க்கு இவ்வாதம் முற்றிலும் புதிதன்று. பசில் பேர்ண்ஸ்ரைன் இங்கிலாந்தில் தொழிலாளர் வர்க்கத்தின் மொழிக்குறி பற்றி எழுதியவை அமெரிக்காவிற் சென்று மொழிக்குறைபாட்டுக் கொள்கையாக வடிவம் பெற்றபோது, வில்லியம் லபோவ் 1969இல் அதற்கு விடையிறுத்தார். நியூயோர்க் நகரத்துக் கறுப்பினச் சிறுவன் பரீட்சகர் முன் ஊமையாகவும், அச்சம் நீங்கிய சூழலில் தருக்கத்தில் வல்லவனாகவும் விளங்கியதை அவர் எடுத்துக்காட்டினார். அவ்விடை வெளிவந்து கால் நூற்றாண்டின் பின், அதே குறைபாட்டுக் கொள்கை எண்களின் ஆடையணிந்து மீண்டும் வந்தது வியப்புக்குரியது. 2013இல் பிரொவிடன்ஸ் நகரம் ஐந்து மில்லியன் டொலர் பரிசைப் பெற்று, குழந்தைகளின் உடையில் சொல்லெண்ணும் கருவியைப் பொருத்தும் திட்டத்தில் இறங்கியது. பெற்றோருக்குச் சொற்கணக்கு அறிக்கை கிடைத்தது. ஆலைத் தொழிலாளியின் உற்பத்தி எண்ணப்படுவது போலத் தாயின் பேச்சும் எண்ணப்பட்டது.

குழந்தையை நேர்முகமாக நோக்கி இடையறாது பேசுவதே மொழி பயிற்றும் வழி என்ற எடுகோளை மானிடவியலாளர் முன்னரே கேள்விக்குட்படுத்தியிருந்தனர். பப்புவா நியூகினியின் கலூலி மக்களிடையே பம்பி ஷீபெலினும், சமோவாவில் எலினோர் ஒக்ஸும் ஆராய்ந்து 1984இல் கூட்டாக எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. கலூலித் தாய் தன் குழவியை உரையாடற் பங்காளியாகக் கொள்வதில்லை. அதனை வெளிநோக்கிப் பிடித்து, அதன் சார்பில் குரலை மாற்றி மற்றவரோடு பேசுகின்றாள். குழவி ஊரின் முகங்களைப் பார்த்தே மொழிக்குள் நுழைகின்றது. மெக்சிக்கோவின் செல்ரால் மாயர் கிராமமொன்றில் மரிசா கசியாஸும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அங்கே குழந்தையை நோக்கிய பேச்சு மணித்தியாலத்துக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு. ஆயினும் மழலை, முதற்சொல், சொற்சேர்க்கை ஆகிய படிகளை அக்குழந்தைகள் ஏனைய சமூகத்துக் குழந்தைகள் போன்றே உரிய காலத்தில் எட்டினர்.

2019இல் டக்ளஸ் ஸ்பெறியும் இணைந்தோரும் அமெரிக்காவின் ஐந்து சமூகங்களின் பதிவுகளை ஆராய்ந்து, முன்கூறிய இடைவெளி மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர். ஒரே வர்க்கத்துள்ளும் பெருவேறுபாடு உண்டு என்றும், சூழ இருப்போரின் பேச்சையும் சேர்த்தால் வறிய குழந்தையின் உலகம் சொல்வளம் மிக்கதாகலாம் என்றும் காட்டினர். முற்போக்காளர் பலர் இதனை வெற்றியாகக் கொண்டாடினர். இவ்விடத்தில் எமக்குச் சிறிது தயக்கமுண்டு. ஸ்பானிய மொழி பேசும் வறிய அமெரிக்கக் குடும்பங்களில் 29 குழந்தைகளை ஆராய்ந்து வைஸ்லெடர், பேர்னால்ட் என்போர் 2013இல் வெளியிட்ட முடிபின்படி, பத்து மணித்தியாலத்தில் ஒரு குழந்தையை நோக்கிப் பேசப்பட்டவை பன்னீராயிரம் சொற்கள், மற்றொன்றுக்கு எழுநூறுகூட இல்லை. இரண்டு வயதிற் காணப்பட்ட சொற்றொகையோடு தொடர்புற்றது குழந்தையை நோக்கிய பேச்சே. காதில் விழுந்த பிறர் பேச்சன்று. வறியோரை இழிவுபடுத்தும் கணக்கை மறுப்பதற்காக, வறுமை எவரையும் தீண்டாது எனக் கூறுவது இன்னொரு வகைக் கற்பனாவாதம்.

கோளாறு அளவின் பருமனில் மட்டுமன்று, அளவையின் தன்மையிலும் உள்ளது. சொல் குழந்தைக்குள் ஊற்றப்படும் பண்டமன்று. ஜனற் வேர்க்கரும் ரீசும் 1984இல் வெளியிட்ட பரிசோதனையை நோக்குக. ஹிந்தியின் நாவளை ஒலிக்கும் பல்லொலிக்கும் உள்ள வேற்றுமையை, நமது டகரத்துக்கும் தகரத்துக்கும் உள்ளது போன்ற வேற்றுமையை, ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்திற் பிரித்துணர்ந்தனர். பத்து, பன்னிரண்டு மாதமாகும்போது பெரும்பாலோர் அவ்வாற்றலை இழந்தனர். குழவி தன் சமூகத்துக்குப் பொருளுடையதைத் தேர்ந்து, ஏனையவற்றைக் கழிக்கும் செயலூக்கமுடைய உயிர். எட்வேட் றொனிக் 1970களில் நிகழ்த்திய சலனமற்ற முகப் பரிசோதனையில், தாய் தன் முகபாவத்தை நிறுத்திய சிறுபொழுதிலேயே, சில மாதக் குழவி புன்னகையாலும் ஒலியாலும் அவளை மீட்க முயன்று, இயலாதபோது முகந்திருப்பியது. சொல் பிறக்குமுன்னரே உரையாடல் உண்டு. உயர் உளத்தொழிற்பாடுகள் யாவும் முதலில் மனிதரிடையே தோன்றிப் பின்னரே தனிமனிதனுள் அமைகின்றன என்ற விகொற்ஸ்கியின் கருத்து ஹாட்டுக்கும் றிஸ்லிக்கும் கிடைக்காததன்று; அவர்கள் பயின்ற நடத்தைவாதம் அதற்கு இடமளிக்கவில்லை.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1996இல், அமெரிக்க அரசு நல உதவிச் சட்டத்தைத் திருத்தி, உதவி பெறும் தாய்மார் தொழிலுக்குச் செல்வதைக் கட்டாயமாக்கியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு விலக்களிப்பதும் மாநிலங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. குழந்தையோடு பேசு என ஆய்வாளர் அறிவுறுத்திய அதே தாயிடமிருந்து, பேசுதற்குரிய பொழுதைச் சட்டம் பறித்தது. இம்முரண்பாட்டை அந்நூலைப் போற்றியோர் பெரிதும் பேசவில்லை.

2018இல் தொடங்கிய பரிசோதனையொன்றில், நான்கு அமெரிக்க இடங்களைச் சேர்ந்த ஆயிரம் வறிய தாய்மாருள் ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டொலரும், ஏனையோருக்கு 20 டொலரும் நிபந்தனையின்றி வழங்கப்பட்டன. 2025இல் வெளியான முடிவுகளின்படி, நான்கு வயதில் இரு பிரிவுக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியிலோ சமூக மனவெழுச்சி வளர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பணம் பயனற்றது என்பதற்கு இதனைச் சான்றாக்க முனைவோர் உளர். மாதம் 333 டொலரில் ஒரு தாய் தன் இரவு வேலையை விட்டுவிட முடியுமா, தன் வீட்டை மாற்ற முடியுமா என்ற வினாக்களுக்கு அவர்களே முதலில் விடைகூற வேண்டியவர்கள்.