வண்டி யாருது?

எங்கள் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் நடந்த மறுநாள் பேப்பரில் வரும் செய்தியை ஒருதரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவு வாரியாகப் பரிசு வாங்கியவர்கள் பெயர் இருக்கும். பெரும்பாலும் மாட்டுக்காரர்கள் பெயர்தான். எட்டு மைலோ ஆறு மைலோ (நாடெல்லாம் கிலோமீட்டருக்கு மாறியும் பந்தயம் மட்டும் மைலை விடவில்லை) கயிற்றைப் பிடித்து ஓட்டிய சாரதி யார், வண்டிக்குப் பின்னாலேயே ஓடியும் தொற்றி ஏறியும் குதித்தும் மாட்டை முடுக்கிய துணைச் சாரதி யார் என்பதைத் தேடினால் கிடைக்காது. என் சித்தப்பா சேவுகம்பட்டியிலிருந்து போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் துணைச் சாரதியாக ஓடியவர். அவர் கால் முட்டி இப்போது அதற்குத்தான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

இருபத்து மூன்று வயதில் நான் ஒரு பந்தயக் கதை எழுதினேன். மாட்டுக்காரரின் கௌரவம், மாட்டின் ரோஷம், செம்மண் புழுதி, எல்லாம் தூக்கலாக இருந்தது. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. சித்தப்பா உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குடா தம்பி. இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார்.

அந்தக் கதையை எழுதும்போது எனக்கு முன்மாதிரியாக இருந்தது டாம் வுல்ஃபின் ஒரு கட்டுரை. 1965 மார்ச் எஸ்குயர் இதழில் வந்தது. ஜூனியர் ஜான்சன் என்ற கார்ப் பந்தயக்காரரைக் கடைசி அமெரிக்க நாயகன் என்று தலைப்பிலேயே அறிவித்து, கூடவே 'ஆமாம்!' என்று ஒரு கூச்சலும் போடும் கட்டுரை. புதுவகை இதழியல் என்று இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள். சித்தப்பா கேட்ட கேள்வியை அதனிடமும் கேட்டுப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஸ்டாக் கார் என்றால் பந்தயத்துக்கென்றே வடிவமைத்த வண்டி இல்லை, கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண கார். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், முக்கியமாகக் கரோலினாவின் செம்மண் பூமியில், முட்டை வடிவ மண் பாதை போட்டு அதில் இந்தக் கார்களை ஓட்டினார்கள். பந்தயத்துக்கு முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். சுற்றுகள் ஏற ஏற ஈரம் போய் மேல்மண் பறந்து, அடியில் கெட்டித்துப் பளபளவென்று ஆகிவிடும். முதல் சுற்றில் இருந்த பாதை ஐம்பதாவது சுற்றில் இருக்காது. வளைவில் காரைத் திருப்புவது என்பதே கிடையாது. பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இடது பக்க வளைவுக்கு முன்சக்கரத்தை வலது பக்கம் ஒடித்துப் பிடித்து, ஆக்சிலேட்டரால் திருப்ப வேண்டும். கூட்டாறு போல மண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பிழைப்பு.

அந்த வித்தையைப் பலர் கற்றது சாராயத்தில். வரி கட்டாமல் காய்ச்சிய விஸ்கியை ராத்திரியோடு ராத்திரியாக மலையிலிருந்து ஊருக்கு இறக்குகிறவர்கள் போலீஸ் காரைவிட வேகமாக ஓடும் வண்டி வைத்திருந்தார்கள். சரக்கு ஏற்றினால் பின்பக்கம் தாழும், தாழ்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பின் ஸ்ப்ரிங்கை விறைப்பாக்கி வைப்பார்கள். ஜான்சன் அப்படி அப்பாவின் சரக்கை ஓட்டி வளர்ந்தவர். சாலையில் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. 1956இல் அப்பாவின் காய்ச்சும் இடத்தில் வைத்துத்தான் பிடித்தார்கள். ஒஹையோவில் 11 மாதம் சிறை. போலீஸ் மறித்து நின்ற சாலையில், தன் காரிலேயே சைரனும் சிவப்பு விளக்கும் வைத்துக்கொண்டு வர, போலீஸ்காரன் தன் ஆள் என்று நினைத்து வழிவிட்ட கதையை வுல்ஃப் சொல்லும் விதம் இருக்கிறதே, படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இன்றைக்கும் அந்தப் பத்தி எனக்குப் பிடிக்கும். அதை மறைத்து விமர்சகன் வேஷம் போட விரும்பவில்லை. என் குறை வேறு. வுல்ஃபுக்கு இன்ஜின் சத்தம் கேட்கிறது, பேச்சு வழக்கு கேட்கிறது, கூட்டத்தின் பெருமூச்சு கேட்கிறது. அவர் எடுத்து வைத்த படிமம்தான் நமக்கு மிஞ்சியது: சட்டத்துக்குப் பிடி கொடுக்காதவன், வேகத்தால் ஜெயிப்பவன். 1973இல் ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்து சினிமாவாகவும் வந்துவிட்டது. ஆனால் மண் பாதையில் ஜெயிப்பது வேகம் மட்டும் இல்லை. யாரோ ஒருவர் சுற்றுகளை எண்ணுகிறார், யாரோ ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், யாரோ ஒருவர் கொடியை ஆட்டுகிறார். அந்த மூன்று பேர் வசம்தான் வரலாறு இருக்கிறது.

நாஸ்கார் அமைப்பின் முதல் ஸ்டிரிக்ட்லி ஸ்டாக் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949 ஜூன் 19, சார்லட், முக்கால் மைல் மண் பாதை. சாரா கிறிஸ்டியன் என்ற பெண்ணும் அன்றைக்கு ஓட்டினார். கிளென் டனவே 1947 ஃபோர்டில் முதலாவதாக வந்தார். பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தார்கள். பின் ஸ்ப்ரிங்கில் வேலை செய்திருந்தது, அதே சாராயக்கார வேலை. தகுதி நீக்கம். கான்சாஸிலிருந்து லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றி போனது. (அந்தப் பந்தயம் நடக்கப்போவதை அவர் பேப்பரில் ஒரு காமிக்ஸ் தொடரைப் படித்துத் தெரிந்துகொண்டாராம். இதை வைத்தே யாராவது ஒரு கதை எழுதலாம்.) டனவே ஓட்டிய வண்டியின் உரிமையாளர் வழக்குப் போட்டார், நிற்கவில்லை. சாராயத்தால் பிறந்ததாகப் பெருமை பேசும் விளையாட்டு, தன் முதல் நாளிலேயே சாராய வண்டியை வெளியே தள்ளித்தான் ஒழுங்குமுறை அமைப்பாகிறது. சட்டத்தை மீறும் நாயகன் என்ற பிம்பம் பிறகு போஸ்டருக்கு உதவியது.

இந்த இடத்தில்தான் வென்டெல் ஸ்காட் வருகிறார். வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர், டாக்ஸி ஓட்டியவர், ராணுவத்தில் மெக்கானிக், அவரும் சாராயம் கடத்தியவர். கறுப்பினத்தவர். 1952இல் உள்ளூர் மண் பாதைப் பந்தயக்காரர்கள் டிக்கெட் விற்க ஒரு கறுப்பு ஓட்டுநர் வேண்டுமென்று தேடியபோது போலீஸிடமே போய் விசாரித்தார்கள் என்பது பிரபலமான கதை. துரத்திக் களைத்தவர்களுக்குத்தானே தெரியும். 1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அரை மைல் மண் பாதை. ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டிப் போனார் ஸ்காட். சுற்று முடிந்தும் அவருக்குக் கொடி விழவில்லை. பக் பேக்கர் ஜெயித்ததாக அறிவித்துக் கோப்பையையும் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்தபின், எண்ணியதில் பிழை, ஜெயித்தது நீங்கள்தான் என்றார்கள். பணம் கிடைத்தது. கோப்பை ஏற்கெனவே போய்விட்டது. ஜெயித்தவருக்கு மேடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முத்தம் கொடுப்பது அன்றைய வழக்கம், அதுதான் காரணம் என்று ஸ்காட் தரப்பில் சொல்லிவந்தார்கள்.

ஸ்காட்டிடம் எது குறைவு? அதே சாராயம், அதே ராத்திரி, அதே கை. வுல்ஃபின் கட்டுரை வந்தது அந்த டிசம்பருக்கு ஒன்றேகால் வருஷம் கழித்து. கடைசி நாயகனைத் தேர்ந்தெடுக்கும்போது கூட்டம் யாரில் தன் முகத்தைப் பார்க்கிறதோ அவரைத்தான் எழுத்தும் பார்க்கிறது. காலரியில் உட்கார்ந்து எழுதினால் காலரிக்குத் தெரிவதுதான் தெரியும். என் பந்தயக் கதையும் அப்படித்தான், மாட்டுக்காரர் பந்தலில் உட்கார்ந்துகொண்டு எழுதியது. ஸ்காட்டைப் பற்றி 1977இல் ரிச்சர்ட் பிரையர் நடித்து ஒரு படம் வந்தது. அது சிரிக்க வைப்பதில் குறியாக இருப்பதால் இங்கே அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, வேறு எப்படித்தான் எழுதுவது? பதில் பக்கத்து ஊரிலேயே இருந்தது. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா. அவருடைய 'வாடிவாசல்' கல்லூரியில் எனக்கு வீர விளையாட்டுக் கதையாகத்தான் அறிமுகமானது. திரும்பப் படித்தபோதுதான் அது வேறொன்று என்று தெரிந்தது. அப்பனைக் கொன்ற காரியை அடக்க வருகிறான் பிச்சி. திமிலை எட்டும் கணக்கு, கொம்பைப் பிடிக்கும் கணக்கு எல்லாம் தரையில் நிற்பவனின் உயரத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் செல்லப்பா அங்கே நிற்பதில்லை. காரி ஜமீன்தாரின் மாடு. பிச்சி ஜெயித்த பிறகும் கதை முடியவில்லை. ஜமீன்தார் தன் மாட்டைத் தானே சுடுகிறார். அடக்கியவனுக்குக் கிடைத்தது என்ன, உடைமைக்காரன் இழந்தது என்ன என்ற கணக்கைக் கடைசிப் பக்கம்வரை ஒருவரும் சொல்லிக்காட்டுவதில்லை, ஆனால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. வுல்ஃபிடம் இல்லாதது அந்தக் கடைசிப் பக்கம்.

நம்மூர்க் கார்ப் பந்தயத்துக்கும் அப்படியொன்று எழுதப்படவேண்டும். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் சோழவரம் பந்தயம் நடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை வந்தது. அந்தக் கதையை யாரைக் கேட்டாலும் மகாராஜாக்கள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஃபியட்டையும் அம்பாசிடரையும் பிரித்துக் கோத்த பட்டறைக்காரர்கள் எங்கே? ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது, 2017இல் மெரினா நிரம்பியபோது, 2023இல் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது எவ்வளவு எழுதினோம்! மாடு, மரபு, அடையாளம். சாரதியின் கூலி பற்றி நான் எழுதியது ஒரு வரி கிடையாது.

நாஸ்காரின் முதல்நிலைத் தொடர் 1970 செப்டம்பர் 30இல் ராலேயோடு மண்ணை விட்டது. ஜெயித்தவர் பெட்டி. 2021இல் பிரிஸ்டல் கான்கிரீட் பாதை மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிப் பழைய வாசனையை வரவழைத்தார்கள், மூன்று வருஷத்தில் அள்ளியும் விட்டார்கள். ஜான்சனுக்கு 1986இல் ரீகன் மன்னிப்பு வழங்கினார். ஸ்காட் 1990இல் இறந்தார். அவர் ஜெயித்த அந்தக் கோப்பைக்குப் பதிலாக ஒன்றை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021 ஆகஸ்டில்.

போன தை மாசம் ஊருக்குப் போனபோது இந்தக் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். போனில் ஸ்காட்டின் படத்தையும் காட்டினேன். தள்ளிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கப்பு எப்பக் குடுத்தாங்க?"

"அம்பத்தேழு வருஷம் கழிச்சு. அவரு செத்தே முப்பது வருஷம் ஆச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தவர், "வண்டி யாருது?" என்றார்.

"அவருதுதான் சித்தப்பா. இன்னொரு ஓட்டுநர்கிட்ட பழசா வாங்குனது."

"அப்பப் பரவால்ல" என்றார்.