பழைய ஸ்பீக்கரும் புதிய வீடும்

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் வடமாலபேட்டை, புத்தூர், அதைத் தாண்டி நகரி என எந்த ஊரில் இறங்கினாலும், பழைய தமிழ்க் குடும்பங்களின் பரணில் ஒரு வால்வு ரேடியோவோ மரப்பெட்டி ஸ்பீக்கரோ கிடப்பதைக் காணலாம். சென்னை வானொலியையும் இலங்கை வானொலியையும் இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தவை அவை. அவற்றை இறக்கித் தூசி தட்டி, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று துருவி, புதிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கம்பெனியைக் கண்டுபிடிக்கப் படும் பாட்டில் கால்பங்குகூட அதை வீட்டில் ஒழுங்காக அமர்த்துவதற்குப் படுவதில்லை. தாத்தா காலத்தில் அந்த ரேடியோ நன்றாகப் பாடியது என்றால், அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும் அறையும் சேர்ந்து பாடின. ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அதே ஒலியை எதிர்பார்ப்பதில்தான் இந்தப் பழக்கம் சறுக்குகிறது.

அடையாளம் காணும் வேலைக்கு முதலில் வருவோம். இது ஊகத்துக்கு விடவேண்டிய வேலை இல்லை. ஸ்பீக்கரின் முதுகே பல தகவல்களைச் சொல்லிவிடும். பிலிப்ஸ் ஸ்பீக்கர்களில் ஏடி என்று தொடங்கும் எண் இருக்கும். ஏடி 8061/டபிள்யூ8 என்றால் 8 அங்குல வூஃபர், 8 ஓம். ஏடி 0160/டி8 என்றால் ட்வீட்டர், அதுவும் 8 ஓம். அமெரிக்க ஸ்பீக்கர்களில் தயாரிப்பாளருக்கென ஓர் எண் இருக்கும். 220 ஜென்சன், 328 யூட்டா. அடுத்து வரும் இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். பல ஸ்பீக்கர்களில் ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் மட்டுமே இருப்பதால் 1954-ஆ 1964-ஆ என்பதை மேக்னட்டையும் கூம்பையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண் அழிந்துபோனால் மல்டிமீட்டர் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஏழு ஓம் காட்டும். இங்கே ஒரு பொறி உண்டு. 1950-களில் சில வால்வு ரேடியோக்களுக்காக, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படாத 800 ஓம் ஸ்பீக்கர்களை பிலிப்ஸ் செய்தது. மீட்டரை 200 ஓம் எல்லையில் வைத்து இதைச் சோதித்தால் காயில் அறுந்துபோனது போலவே காட்டும். நல்ல ஸ்பீக்கர் காயலான் கடைக்குப் போய்விடும். தப்பிப் பிழைத்தாலும் தொல்லைதான். 8 ஓமில் 20 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் இந்த 800 ஓம் காயிலுக்கு 0.2 வாட்தான் தரும். முனகல் கேட்கும், “பழசு அவ்வளவுதான்” என்று ஒதுக்கிவிடுவார்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதாது, அந்த எண் யாருக்காகப் போடப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

மேக்னட் பற்றிய நம்பிக்கைகளிலும் எனக்குச் சண்டை உண்டு. அல்நிக்கோ மேக்னட் என்றாலே விலை ஏறிவிடுகிறது. ஃபெரைட் என்றால் முகம் சுளிக்கிறார்கள். அல்நிக்கோவில் கோபால்ட் சேரும். 1978-இல் ஜயர் நாட்டில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிற, ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த ஃபெரைட்டுக்குப் பெரிய கம்பெனிகளும் மாறிக்கொண்டன. அந்த மாற்றத்துக்குக் காரணம் விலை. ஒலியின் இனிமையைக் கூம்பின் எடை, காயிலின் நீளம், இடைவெளியில் நிற்கும் காந்தப் புலம் ஆகியவை முடிவு செய்கின்றன. எந்த உலோகம் அந்தப் புலத்தைத் தருகிறது என்பது அதற்கப்புறம்தான். அல்நிக்கோ கீழே விழுந்தாலோ அளவுக்கு மீறி அடிபட்டாலோ வலு குறையும் தன்மை கொண்டது. அறுபது வருஷம் கை மாறி வந்த அல்நிக்கோவில் எவ்வளவு வலு மிச்சம் என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். வெளிநாட்டுப் பெயர் மோகமும் இதே ரகம். 1970-இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், 1940-இலிருந்து டெல்லியில் இயங்கும் அஹூஜா ஆகியவற்றின் பழைய ஸ்பீக்கர்களைப் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உதிரி கிடைப்பதும் இங்கேயே பழுது பார்க்க முடிவதும் அவற்றின் பெரிய பலம்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுப் பழைய ஸ்பீக்கரைக் கேட்பதில் உண்மையான லாபம் உண்டா? உண்டு. 1954-இல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் ஆழமான பாஸ் கொண்டுவந்து காட்டினார். அதன்பின் பெட்டிகள் சிறுத்தன, அதற்கு விலையாக ஆம்ப்ளிஃபயரின் வாட் ஏறியது. அதற்கு முந்தைய பாணியில் வந்த பெரிய காகிதக் கூம்பு ஒரே வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் வரை தரும். இன்றைய சிறு பெட்டி 85 தந்தால் அதிகம். இந்தப் பத்து டெசிபலை ஈடுகட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். வால்வு ரேடியோ மூன்று, நான்கு வாட்டில் ஒரு கூடத்தையே நிரப்பியதன் ரகசியம் இதுதான். மனிதக் குரலும் நாதஸ்வரமும் பெரும்பாலும் நிற்கும் நடு அலைவரிசையை ஒரே கூம்பு, கிராஸ்ஓவரின் குறுக்கீடு இல்லாமல், முழுசாகத் தருகிறது. டி.எம்.எஸ். பாட்டின் உச்சரிப்பு அப்படியே முன்னால் வந்து நிற்கும்.

குறையை மறைக்கக் கூடாது. அதே ஸ்பீக்கரில் எண்பதுகளின் இளையராஜாவைப் போட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் பேசும். பின்பக்கம் திறந்த பெட்டியில் உள்ள 8 அங்குலக் கூம்பு அந்த அடி ஸ்வரத்தைத் தராது. அதன் மேல் அடுக்குகளை மட்டும் கேட்டு நம் காதே மீதியை ஊகித்துக்கொள்கிறது. மிருதங்கத்தின் தொப்பியும் மெலிந்துபோகும். எந்த இசைக்காக இந்த வேலை என்று முதலில் முடிவு செய்யாமல் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பழைய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் நன்றாகப் பாடும் என்று விற்பவர் சொன்னால் நம்பவேண்டாம்.

இனி அமர்த்தும் வேலை. ஐரோப்பாவின் பெயர்பெற்ற பெட்டிகள் கம்பளம், திரைச்சீலை, மெத்தை நாற்காலி நிறைந்த அறைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் வீடு ஆர்சிசி கூரை, டைல்ஸ் தரை, கடப்பா கல் அலமாரி. நடுக் கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டினால், ஓசை சுவருக்குச் சுவர் தாவி நீள்வதைக் கேட்கலாம். பாட்டிலும் அதேதான் நடக்கும், சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறும். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகிலும் 10 அடி அகலத்தில் 56 அருகிலும் ஒலி தேங்கி வீங்கும். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். எதிர்ச் சுவரோரம் மெத்தையோடு ஒரு கட்டில், தரையில் கனமான ஜமுக்காளம், புத்தகம் நிறைந்த அலமாரி இருந்தாலே எதிரொலி பெருமளவு அடங்கும். பாஸ் வீக்கத்துக்கு ஸ்பீக்கரையும் நாம் உட்காரும் இடத்தையும் ஓரிரு அடி நகர்த்திப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கர் ஏறும் முதல் இடம் இரும்பு பீரோவின் தலை. அதைவிட மோசமான இடம் கிடையாது. பீரோவின் தகடு ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடும். கடப்பா கல் பலகை பரவாயில்லை, ஆனால் சுவரோடு ஒட்டி இருப்பதால் பாஸ் கூடி ஒலி கனத்துப்போகும். அன்று ரேடியோவை உயரத்தில் வைத்ததற்குக் காரணம் இருந்தது: குடும்பம் முழுதும், திண்ணையில் இருப்பவரும் கேட்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் வைத்து ஸ்டீரியோ கேட்பவருக்கு அது உதவாது. தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பதானால் கூம்பின் நடு இரண்டரை அடி உயரத்தில், காது மட்டத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்த பெட்டியென்றால் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளுங்கள்.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் இயங்குகின்றனவா என்பதை ஒன்றரை வோல்ட் பேட்டரியால் பார்த்துவிடலாம். பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் தொட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் பாஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ மிதப்பார். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடே தலைகீழ், அதனால் நிறத்தை நம்பாமல் கூம்பை நம்புங்கள். ரேடியோவோடு சேர்த்தே இயக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்த செட்டுகளில் உலோகச் சட்டமே நேரடி மின்சாரத்தில் இருக்கும். தெரியாதவர் பின்மூடியைத் திறக்கவே கூடாது.

எங்கள் ஊர் வெயில் இன்னொரு எதிரி. எழுபது, எண்பதுகளில் வந்த பெட்டிகளின் ஓரத்தில் இருக்கும் ஃபோம், வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகிவிடுகிறது. விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். அதற்கு முந்தைய, கூம்பின் காகிதமே மடிப்பாக ஓடும் ஓரமும் துணி ஓரமும் அரை நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றன. அவற்றுக்கு ஆபத்து கரப்பான் பூச்சியாலும் எலியாலும். பெட்டிக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தால், உலர்ந்த மண் காயில் இடைவெளியில் விழுந்து உரசும். வாங்குமுன் கூம்பை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமுக்கி, உரசல் ஓசை வருகிறதா என்று கேட்பதே பாதி சோதனை.

கூம்பு மாற்றும் தொழில் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர் ரேடியோ கடைகளிலும் இதைக் கைத்தொழிலாகச் செய்பவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பழக்கமே இல்லை. ஆனால் கிடைக்கிற கூம்பை ஒட்டினால் எடை மாறும், எடை மாறினால் அது அதிரும் அடிப்படை ஸ்வரம் மாறும், பழைய பெட்டி அதற்குப் பொருந்தாமல் போகும். 1961-இல் நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட கணக்கையும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரித்த கணக்கையும் கொண்டு மாற்றிய ஸ்பீக்கரை அளந்து, அதற்கேற்ற பெட்டியைச் செய்ய இன்று வழி இருக்கிறது. செய்பவர் குறைவு. இன்னொன்று, ஒரு நல்ல எட்டங்குலக் கூம்புக்காக ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவையே உடைப்பது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கூம்புக்கு வாய்த்த சிறந்த ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும் அது ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. செட் நிஜமாகவே செத்துப்போய், ஸ்பீக்கரை மட்டும் காப்பாற்ற வேண்டியிருந்தால், பழுது பார்ப்பவரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: மாற்றிய தேதி, காயிலின் ஓம், பழைய கூம்பின் எடை மூன்றையும் மேக்னட்டின் பின்புறத்தில் அழியாத மையால் எழுதித் தரட்டும். கழற்றிய பழைய கூம்பையும் கேட்டு வாங்கி, தட்டையாக ஒரு அட்டைப் பெட்டியில் வையுங்கள்.