மந்திரவாதியின் படிப்பு யார் செலவில்?

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த மேசை ஆட்டம். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். ஒருவர் வீரர், ஒருவர் திருடர், ஒருவர் மந்திரவாதி. இவர்களில் மந்திரவாதிதான் படித்தவர். ஏட்டைப் புரட்டிக் கற்றதே அவருடைய பலம். ஆகவே அவருக்கு என்னென்ன கல்வித்திறன்கள் என்று விதி எழுதுகிறவர், எது கல்வி, எது கல்வி அல்ல என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அறிவாற்றலின் கீழ் ஐந்து திறன்கள்: மந்திரவியல், வரலாறு, துப்பறிதல், இயற்கை, சமயம். மருத்துவம் அங்கே இல்லை. விலங்குகளைப் பழக்குதல், பிறர் மனம் அறிதல், காட்டில் பிழைத்தல் ஆகியவற்றோடு அது 'விவேகம்' என்ற வேறொரு கூரையின் கீழ் இருக்கிறது. நெசவும் சமையலும் திறன் பட்டியலிலேயே வருவதில்லை. தறிச் சாமான், சமையல் பாத்திரம் என்று கருவிகளின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கின்றன. 2024 திருத்தத்திலும் அந்த ஐந்து மாறவில்லை.

குன்னத்தூரில் இந்தப் பிரிவினையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனியன் தொழிலின் கூலி ஒப்பந்தங்களில் கட்டிங், டெய்லர், அயர்னிங் ஒரு தட்டு. கைமடி, பிசிர் வெட்டு, அடுக்கிக் கட்டுதல் அதற்குக் கீழே. அந்தக் கீழ்த்தட்டில் பெரும்பாலும் பெண்கள். செக்கிங் மேசையில் நிற்கும் பெண், துணியைத் திருப்பும் வேகத்திலேயே ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கோணல் தையலையும் பிடித்துவிடுகிறாள். இது துப்பறிதல் இல்லாமல் வேறென்ன? ஆனால் கம்பெனியில் அதற்குப் பெயர் "கண்ணு பழகிருச்சு". பழக்கம் என்று சொல்லிவிட்டால் கூலி கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

பெண்களை ஆட்டத்துக்குள் கொண்டுவர ஒரு முயற்சி ஆரம்ப நாட்களிலேயே நடந்தது. 1976-இல் 'த டிராகன்' இதழில் லென் லக்கோஃப்கா என்பவர் பெண் பாத்திரங்களுக்குத் தனி விதிகள் எழுதினார். பெண்களுக்கு 'அழகு' என்று ஒரு மதிப்பெண். பெண் மந்திரவாதிக்கு ஆண்களை மயக்கும் மந்திரங்கள். படித்தவளாகவே உள்ளே வந்தாலும் அவள் பாடத்திட்டம் அவள் முகம்தான். 1978 கையேடு இன்னொரு படி போய், மனிதப் பெண்ணின் உடல் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. (நம் ஊர்க் கதைகள் மட்டும் என்ன? ஏழு கடல் தாண்டி உயிரைக் கிளிக்குள் ஒளித்துவைக்கும் வித்தை மந்திரவாதிக்கு. பெண்ணுக்கு வாய்ப்பது சூனியக்காரி என்ற ஏச்சு.)

அதற்காகத் தையல் மந்திரம், சமையல் மந்திரம் என்று பெண் மந்திரவாதிக்குத் தனியாகச் சேர்த்துக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது 1976-இன் தனிப் பட்டியலேதான், கொஞ்சம் மரியாதையாக.

என் கண்ணில் படுவது வேறொரு விதி. மந்திரவாதி புதிய மந்திரத்தைத் தன் ஏட்டில் படியெடுக்க, அதன் ஒவ்வொரு படிநிலைக்கும் இரண்டு மணி நேரமும் ஐம்பது பொற்காசும் செலவாகும். ஆட்டக்காரர்கள் சலிப்போடு கழித்துக்கொள்ளும் கணக்கு இது. இந்தக் கையேட்டின் மிக நேர்மையான பக்கம் இதுதான் என்பேன். எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்கு. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று ஆட்டம் கேட்பதில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து, இரவு ஒன்பதுக்கு மேல் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி, அடுப்படிக்குப் போகும் பெண்ணிடம் அந்த இரண்டு மணி நேரம் இல்லை.

2022-இல் 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்' என்ற அதிகாரபூர்வத் தொகுப்பில் வங்காள நிலத்தை ஒட்டிய கதைக்களம் ஒன்றை மிமி மண்டல் எழுதினார். கொல்கத்தாவிலிருந்து வந்த தலித் எழுத்தாளர். ஆறும் காடும் நம் பக்கத்து ஆறும் காடுமாக மாறியது பெரிய விஷயம். ஆனாலும் அது கதைக்களங்களின் தொகுப்பு. அங்கே போகும் மந்திரவாதியின் திறன் பட்டியல் பழையதே.

பட்டியலை உடைக்க விதியிலேயே ஒரு சந்து இருக்கிறது. ஆட்டம் நடத்துபவர் இசைந்தால், ஒரு திறனை வேறோர் ஆற்றலோடு சேர்த்து உருட்டலாம். மருத்துவத்தை அறிவாற்றலோடு உருட்டலாம். நெசவுக் கருவியையும் அப்படியே. பிரசவம் பார்த்தே கற்ற மருத்துவச்சியின் மகள் மந்திரவாதியானால், அவளுடைய மருத்துவம் அறிவாகவே எண்ணப்படும். இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். பாத்திரத் தாளில் ஒவ்வொரு கல்வித்திறனுக்கும் பக்கத்தில் மூன்று சிறு கட்டங்கள்: யாரிடம் கற்றாள், யார் தடுத்தார்கள், அந்த நேரத்தில் அவள் வேலையை யார் செய்தார்கள். மூன்றையும் எழுதாமல் பகடையைத் தொடக் கூடாது. ஆண் மந்திரவாதிக்கும் இதே தாள்தான். மூன்றாவது கட்டத்தில் அவன் என்ன எழுதுகிறான் என்று மேசையைச் சுற்றியுள்ளவர்கள் எட்டிப் பார்க்கலாம்.